ஏழாவது கேள்வி

பெத்ராக் அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வில் தோற்றுவிட்டார். நூறு கேள்விக்கும் பதில் தெரியும். ஒன்றைக்கூட அதிகாரியிடம் சொல்லவில்லை. அதனால் தோற்றார்.

மண்டையில் சரக்கில்லாமல் தோற்றவன் ஊரில் நிறைய. சரக்கு முழுக்க இருந்தும் அதைக் கடத்தல் பொருள் மாதிரி மறைத்துவைத்துத் தோற்றவர், வூஸ்டர் நகரத்திலேயே இவர் ஒருத்தர்தான்.

வயது அறுபத்து மூன்று. அல்பேனியாவில் கொர்ச்சா ஊர். அங்கே நாற்பத்தேழு வருஷம் இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே மூன்று பேர் சேர்ந்து காபி குடித்தால் அதில் ஒருவன் ரகசியப் போலீசுக்கு எழுதிக் கொடுப்பவன். யார் என்று தெரியாது. ஆகவே மூன்று பேரும் வானிலையைப் பற்றியே பேசுவார்கள். அதையும் மெதுவாக. அரசாங்க ஆள் கேள்வி கேட்டால் பதில் சொல்லாதே, சொல்லித்தான் தீரவேண்டுமென்றால் வேறெதையாவது சொல். இது எலும்பில் ஏறிய பாடம்.

அமெரிக்கா வந்து பதினாறு வருஷம் ஆகியும் இறங்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் கொதிகலன் அறையில் வேலை. தலைமை ஆசிரியை, “எப்படி இருக்கீங்க பெத்ராக்?” என்றால், “ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?” என்பார்.

தேர்வு பாஸ்டனில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் அதிகாரி. இவரைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கிற அதிகாரி என்று அவர் ஆயுளில் பார்த்தது இரண்டே பேர். இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துப் போக வந்தவர்கள்.

“கனடாவை ஒட்டி இருக்கிற மாநிலம் ஒண்ணு சொல்லுங்க.”

“நான் எல்லைப் பக்கம் போனதே இல்லை.”

“போனீங்களான்னு கேக்கலை. பேரு மட்டும்.”

“போகாத இடத்தோட பேரு எனக்கு எதுக்கு?”

“சரி. இந்த நாட்டோட முதல் ஜனாதிபதி யாரு?”

“எனக்கும் அவருக்கும் பழக்கம் இல்லை.”

“உள்நாட்டுப் போர் எதனால வந்துச்சு? ஒரு காரணம் போதும்.”

“அப்போ நான் இங்கே இல்லை. பாஸ்போர்ட்டைப் பாருங்க.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். “அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம் நமக்கு ஓர் உரிமை கொடுக்குது. என்ன உரிமை?”

பேச்சுரிமை. நாக்கு நுனியில் நின்றது. பெத்ராக் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார்.

அந்த நூறிலிருந்து கேட்கிற பத்துக் கேள்வியில் ஆறு சரியானால் போதும். இவருக்கு முட்டை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, எண்பது நாள் கழித்து. அதிலும் தோற்றால் விண்ணப்பம் செத்தது.

வீட்டில் ஒலிம்பி மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷமாக அவருடைய மனைவி. நீளக் குச்சியால் மாவைத் தாள்போல் தேய்த்து, தாள்மேல் தாளாக அடுக்கி, நடுவில் வெங்காயத்தாளும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடுவாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“என்ன ஆச்சு?”

“என்னைப் பத்தி அவளுக்கு எல்லாம் தெரியுது. பேரு, பொறந்த தேதி, உன் பேரு. யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க.”

“நீதான் எழுதிக் கொடுத்தே. விண்ணப்பத்துல.”

“அது வேற.”

“கேட்டதுக்கு பதில் சொன்னியா?”

“மாட்டிக்கிற மாதிரி ஒண்ணும் சொல்லலை.”

குச்சி நின்றது.

“ஏ மனுஷா, காதைத் திறந்து கேளு. மிரேலாவுக்கு நவம்பர்ல பிரசவம். ரெட்டை. நம்ம பொண்ணு அங்கே கொர்ச்சாவுல தனியா என்ன பண்ணுவா? நான் போறேன். ஒரு வருஷத்துக்கு மேலயே இருப்பேன்.”

“நானும் வர்றேன்.”

“குடியுரிமை இல்லாம வெறும் பச்சை அட்டை வச்சிருக்கிறவன் அவ்வளவு நாள் வெளியே இருந்தா அட்டை போயிடும். திரும்பி வர முடியாது. நீ பாஸ் பண்ணினா ரெண்டு பேரும் போறோம். இல்லேன்னா நான் போறேன். நீ இங்கேயே இருந்து சமைச்சுச் சாப்பிடு.”

சமையலில் பெத்ராக்குக்குத் தெரிந்தது ஒன்று. மிளகாய் ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறப்பார். அதுவும் ஒலிம்பி முதலில் தளர்த்திக் கொடுத்தால். வயிறு ஒரு பக்கம். முதல் பேரக்குழந்தைகளை ஊரே தூக்கிக் கொஞ்சும்போது தாத்தா மட்டும் வூஸ்டரில் கொதிகலனைக் கொஞ்சிக்கொண்டிருப்பதா என்பது இன்னொரு பக்கம். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு துண்டோடு எழுந்துவிட்டார்.

எழுந்த பிறகுதான் பொறி தட்டியது.

“இரு. உனக்கும் பச்சை அட்டைதானே? நீ மட்டும் எப்படி அவ்வளவு நாள் இருப்பே?”

“என் கவலை எனக்கு. தட்டைக் கழுவு.”

கழுவினார். சந்தேகம் கழுவப்படவில்லை.

அதன்பிறகு கண்ணில் பட்டதெல்லாம் தடயம். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் அவள் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு கிளம்புகிறாள். கேட்டால், “சர்ச்சுல பாட்டுப் பயிற்சி.” வருஷக்கணக்காகப் பயிற்சி. வீட்டில் ஒரு வரி முணுமுணுத்ததில்லை. மாவு டப்பாவுக்குள் கையை விட்டால் ஒரு நீலப் புத்தகம். மறுநாள் விட்டால் மாவுதான். கடைசியாக அவள் கைப்பையில் ஓர் உறை. போகிற இடம் அரசாங்கம். மூலையில் இவருடைய பெயர், இவருடைய கோப்பு எண்.

கீழ் வீட்டு லாம்பியிடம் ஓடினார். லாம்பியும் கொர்ச்சாக்காரன்தான். அந்த மூன்றடுக்கு மர வீட்டின் நிலவறையில் இருவருக்கும் ஒரு ரகசியம் உண்டு. டாக்டர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெத்ராக்கின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, ரக்கிச் சாராயத்தை ஒரு சொட்டும் தொடக்கூடாது என்றார். அன்றிலிருந்து பாட்டில் நிலவறைக்கு வந்துவிட்டது. முப்பது வருஷமாக யாரும் மூட்டாத பழைய நிலக்கரிக் கொதிகலன். அதில் சாம்பல் அள்ளுகிற சின்னக் கதவுக்குப் பின்னால். ஒலிம்பி இரண்டு வருஷமாகத் தேடுகிறாள். “ரக்கி எங்கே?” என்பாள். “எந்த ரக்கி?” என்பார். அந்த விஷயத்தில் அவர் மலை.

ஆளுக்கு ஒரு மடக்கு போனதும் பெத்ராக் சொன்னார்.

“என் பொண்டாட்டி என்னைப் பத்தி எழுதிக் கொடுக்கறா.”

“என்னன்னு?”

“தெரியலை. ஒட்டிட்டா.”

“கெட்டில் ஆவியில காட்ட வேண்டியதுதானே. ஓரத்துலேர்ந்து மெதுவா உரிச்சா அடையாளமே தெரியாது. ஊர்ல அப்படித்தான் பிரிப்பாங்க.”

“ஊர்ல எப்படிப் பிரிப்பாங்கன்னு உனக்கு எப்படிடா தெரியும்?”

லாம்பி மூக்கைச் சொறிந்தான். வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பெத்ராக்கின் சந்தேகப் பட்டியலில் அவன் பெயரும் ஏறியது.

அடுத்த வியாழன் பெத்ராக் மனைவியைத் தொடர்ந்து போனார். பனி இல்லாத ஜூலையில் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு போன ஒரே ஆள். தெருவில் நாலு பேர் வணக்கம் சொன்னார்கள்.

சர்ச்சின் நிலவறை ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். பதினொரு பேர் நாற்காலியில். முன்னால் ஒலிம்பி, கையில் நீலப் புத்தகம்.

“செனட்டர் எத்தனை பேரு? வாசல் பக்கம் பார்க்காதீங்க, பதில் அங்கே இல்லை.” அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். “அங்கே குந்தியிருக்கிற மனுஷன் உள்ளே வரலாம். முட்டி வலிக்கும்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் விசாரணை நடந்தது. விசாரித்தவர் பெத்ராக். பதறியவரும் அவரே.

“நீ டீச்சரா?”

“நாலு வருஷமா.”

“யாரு உன்னை வச்சாங்க?”

“நான் பாஸ் பண்ணினதைப் பார்த்துப் பாதிரியார் கேட்டுக்கிட்டார்.”

“பாஸ் பண்ணினியா? நீ அமெரிக்காக்காரியா? எப்போ?”

“பல் டாக்டர்கிட்டப் போறேன்னு ஒரு நாள் பூரா வெளியே போனேனே, அன்னிக்கு. வந்ததும் நீ வாயைத் திறக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தே. இருபத்தேழு இருக்கு, சரின்னு விட்டுட்டே.”

“ஏன் எங்கிட்டச் சொல்லலை?”

“நீ கேக்கலையே. பல்லைத்தானே கேட்டே.”

“அந்தக் கடிதம்?”

“அது கடிதம்.”

இதற்குமேல் எந்த ரகசியப் போலீசாலும் அவளிடம் ஒன்றும் பிடுங்கியிருக்க முடியாது.

அன்றிலிருந்து சமையலறையில் பயிற்சி. அவள் மாவு தேய்த்துக்கொண்டே முதுகைக் காட்டியபடி கேள்வியை வீசுவாள். அவர் வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டே பதிலை வீசுவார்.

“கொடியில கோடு எத்தனை?”

“பதிமூணு.”

“சுப்ரீம் கோர்ட்டுல நீதிபதி?”

“ஒம்போது.”

“அடுப்பை அணைச்சியா?”

“அணைச்சாச்சு.”

“கிழக்குப் பக்கம் என்ன கடல்?”

“அட்லாண்டிக்.”

யோசனையே இல்லை. நாற்பது வருஷப் பழக்கம். ஐந்தாறு கேள்விகள் அந்த வேகத்தில் விழுந்தால் வாய் மூளையைக் கேட்காமலே பேசிவிடும். இதைப் பெத்ராக் கவனிக்கவில்லை. ஒலிம்பி கவனித்தாள்.

பெத்ராக்குக்கு வேறு திட்டம் இருந்தது. வாயால் சொன்னதை நாளைக்கு மாற்றி எழுதிக்கொள்வார்கள். எழுதி முத்திரை குத்தினதை யார் மாற்ற முடியும்? அவர் ஊரில் முத்திரை இல்லாமல் ஆள் செத்ததைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நூறு பதிலையும் அழகான கையெழுத்தில் ஆறு தாளில் எழுதினார். வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடையில் முத்திரையும் குத்துவார்கள். அங்கே போனார்.

“இதுல என்ன இருக்கு?” என்றான் கடைக்காரன்.

“உண்மை.”

“எதைப் பத்தி?”

“அமெரிக்காவைப் பத்தி.”

“கையெழுத்து உங்களோடதுன்னுதான் நான் குத்த முடியும். உண்மைக்கு நான் பொறுப்பு இல்லை.”

“யாருமே இல்லை. நீ குத்து.”

ஆறு தாளிலும் குத்தி வாங்கினார். ஒலிம்பியிடம் மூச்சு விடவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டே தூங்கினார். காகிதம் சரசரத்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் அழைப்பு. ஒலிம்பியும் ரயிலில் கூட வந்தாள். துணைக்கு என்றாள். வாசலோடு நிற்பாள் என்று அவர் எண்ணம். உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டதும் இவர் எழுந்தார். அவளும் எழுந்தாள்.

“நீ எங்கே?”

“வயசு அம்பத்தஞ்சு தாண்டி, பதினஞ்சு வருஷம் பச்சை அட்டையோட இருந்தவங்க சொந்த பாஷையில பதில் சொல்லலாம். மொழிபெயர்க்க ஆளைக் கூட்டிட்டு வரலாம். எழுதிக் கேட்டேன். சரின்னுட்டாங்க.”

“அந்தக் கடிதம்!”

“நட.”

அதே பெண் அதிகாரி. அதே சிரிப்பு. பெத்ராக் சட்டைக்குள் கையை விட்டு ஆறு தாளையும் எடுத்து மேஜையில் அடித்து வைத்தார். முத்திரை தெரியும்படி.

அவள் புரட்டினாள். “எழுத்து ரொம்ப அழகா இருக்கு. ஆனா வாயால சொல்லணும்.”

பெத்ராக் வாய் பூட்டிக்கொண்டது. முத்திரையையே மதிக்காத அரசாங்கம் வேறு எதை மதிக்கும்? ஒலிம்பி வலது கையைத் தூக்கி, சரியாக மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தாள். அதிகாரி முதல் கேள்வியைக் கேட்டாள். இவருக்குப் புரிந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நவம்பர் மாதம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஊறுகாய் பாட்டில். திறக்காத மூடி.

ஒலிம்பி அவரைப் பார்க்கவேயில்லை. கைப்பையில் எதையோ துழாவிக்கொண்டே, கொர்ச்சாப் பேச்சில், உப்புப் போட்டாயா என்கிற குரலில் கேட்டாள்.

“கொடியில எத்தனை நட்சத்திரம்?”

“அம்பது.”

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அதற்குள் ஒலிம்பி அதை ஆங்கிலத்தில் சொல்லி, அதிகாரி கேட்ட அடுத்ததையும் வீசிவிட்டாள்.

“ஜனாதிபதிக்கு எத்தனை வருஷம்?”

“நாலு.”

“முதல் ஜனாதிபதி?”

“வாஷிங்டன்.”

“செனட்டர்?”

“நூறு.”

“கனடா எல்லையில ஒரு மாநிலம்?”

“மேய்ன்.”

“முதல் திருத்தத்துல ஓர் உரிமை?”

“பேச்சு.”

ஆறுக்கு ஆறு. மேலே கேட்கத் தேவையில்லை. அதிகாரி, “ரொம்ப நல்லது” என்று அச்சு எந்திரத்தின் பக்கம் திரும்பினாள். அது கரகரவென்று தாளைத் துப்ப ஆரம்பித்தது. ஒலிம்பி கைப்பையை மூடினாள். குரலும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை.

“ரக்கி எங்கே?”

“பழைய கொதிகலன். சாம்பல் கதவுக்குப் பின்னால.”

அதிகாரி திரும்பினாள். “என்ன சொல்றார்?”

“எங்க வீட்டு விஷயம். உங்களுக்கு நன்றியும் சொல்றார்.”

ரயிலில் பெத்ராக் தாளை ஐந்து தரம் படித்தார். பாஸ். நவம்பரில் இரண்டு பேருமே போகலாம். கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்தால் எங்கோ கண்ணி இருக்கும்.

வீட்டு வாசலில் லாம்பி காத்திருந்தான். ஒலிம்பி உள்ளே போய்விட்டாள். பெத்ராக் படியில் நின்று முழுக் கதையையும் சொன்னார். முத்திரையைப் பார்த்ததும் அதிகாரிக்கு முகம் வெளுத்ததாகச் சொன்னார்.

“எத்தனை கேள்வி கேட்டா?”

“ஏழு. ஏழுக்கும் டக்கு டக்குன்னு சொன்னேன்.”

“எங்க மச்சானுக்கு ஆறோட நிறுத்திட்டாளே. உனக்கு மட்டும் ஏன் ஏழு?”

பெத்ராக் விரல் விட்டு எண்ணினார். நட்சத்திரம், வருஷம், வாஷிங்டன், செனட்டர், மேய்ன், பேச்சு. ஏழாவது விரலில் நின்றார். நிலவறைப் படியில் விழுந்தடித்து ஓடினார். லாம்பி பின்னால் ஓடினான்.

சாம்பல் கதவு திறந்து கிடந்தது. பாட்டில் இல்லை. வகுப்பில் காட்டுகிற கேள்வி அட்டை ஒன்று மட்டும் இருந்தது. பின்பக்கம் டீச்சர் எழுத்து.

‘ஏழுக்கு ஏழு சரி. – ஒலிம்பி.’