இன்டர்வியூவில் நட்ட தந்திக் கம்பங்கள்

கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாதபோது சிலர் வாயை மூடிக்கொள்வார்கள். சிலர் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள். நான் ஈரோட்டில் படித்தவன், இரண்டாவது கோஷ்டி.

2002, அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சன்னிவேல். என் கம்பெனி ஆட்குறைப்பில் என்னை வெளியே அனுப்ப மூன்று வாரக் கெடு கொடுத்திருந்தது. அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் விசாவும் போய், கல்யாணமாகி நான்கே மாதமான மனைவியோடு ஊர் திரும்ப வேண்டும். (மாமனார் தெரு முழுக்க லட்டு கொடுத்து எங்களை அனுப்பியிருந்தார்.) எனக்கு ஓர் இன்டர்வியூ வந்தது. அதே இடத்தில் முன்பு தோற்றுத் திரும்பிய கீழக்கரை நண்பன் ஜமால் துப்புக் கொடுத்தான்.

"மச்சான், அந்த மேனேஜர் ஒரு தந்திக் கிறுக்கன்டா. டேபிள்லயே பழைய தந்தி மெஷின் வச்சிருக்கான். ரெண்டு பாயிண்ட் பிரிப்பேர் பண்ணிட்டுப் போ, வேலை உனக்குத்தான்."

இரண்டு பாயிண்டோடு நிறுத்துவது என் பரம்பரையிலேயே கிடையாது. நூலகத்தில் ஒரு தடிப் புத்தகம் எடுத்து, அமெரிக்காவின் ஆரம்பகாலத் தனியார் தந்திக் கம்பெனிகளின் வரலாற்றை முழுசாக உருப்போட்டேன்.

இன்டர்வியூ அன்று டேபிளில் மெஷின் இருந்தது. பின்னால் ஒரு பெண்மணி இருந்தார். ஜமால் 'அவன்' என்றானே என்று குழம்பினேன், மெஷினை நம்பினேன்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். (எல்லாம் ஆங்கிலத்தில்தான். என் பங்கு, என் ஆங்கிலத்தில்.)

தென்னை மரத்தில் பசுவைக் கட்டிய கதைதான். "நான் ஈரோட்டுக்காரன். ஈரோட்டில் தந்தி ஆபீஸ் உண்டு. அமெரிக்காவிலோ..." போட்டிக் கம்பெனிகள் ஒரே ஊருக்குத் தனித்தனியாகக் கம்பம் நட்டது, ஒரு கம்பெனியின் கம்பியில் வந்த செய்தியைக் கையால் எழுதி அடுத்த கம்பெனிக்குக் கொடுத்தது என்று கால் மணி நேரம் போயிற்று. நடுவில் அவர் கையைத் தூக்கினார். பாராட்டு என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன்.

"இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறீர்கள்?"

மெஷினைக் காட்டினேன்.

"அது பழைய மேனேஜருடையது. போன வெள்ளிக்கிழமை அவரை லே ஆஃப் செய்துவிட்டார்கள். இன்னும் எடுத்துப்போகவில்லை."

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன். அவரே மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சின்னக் கம்பெனிகள் கடைசியில் என்ன ஆயின?"

கடைசி அத்தியாயம்! "பெரிய கம்பெனி எல்லாவற்றையும் வாங்கிவிட்டது" என்றேன் உற்சாகமாக.

அவர் முகம் வாடிப்போனது. "வேலை பார்த்தவர்கள்?"

"அது புத்தகத்தில் இல்லை."

வேலை கிடைக்கவில்லை. அடுத்த மாதமே அந்தக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. அந்தப் பெண்மணியின் வேலையும் போயிற்று என்று ஜமால் சொன்னான். அன்று அவர் எதைக் கேட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. இன்றும் நினைத்தால் கூசுகிறது.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் ஹூஸ்டனில் வேலை கிடைத்து, பக்கத்து ஊரான பேர்லேண்டில் குடியேறினோம். வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு நான் வாயைத் திறந்தாலே, "நல்லா உக்காந்துக்கோங்க. இவர் கம்பம் நட ஆரம்பிச்சுட்டார்" என்பாள் மனைவி.

இங்கேயே பிறந்த மகள், "அப்பா, ஹவ் மெனி போல்ஸ் டுடே?" என்பாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்டா" என்பேன். இதுவரை ஒன்றோடு நின்றதில்லை.