சிலந்திகளுக்காக வாதாடிய எட்டுக்கால் அக்கா

திருப்பூரில் பனியனைப் பற்றித் தெரியாத ஆள் கிடையாது. சிலந்தியைப் பற்றித் தெரிந்த ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் எட்டுக்கால் அக்கா.

அருள்புரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் ஏழாம் நம்பர் அறை அவருடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தனியாக வந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர், யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. அங்கிருந்த பதினோரு குடித்தனங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

நானும் சாந்தியும் கல்யாணமாகி அங்கே குடிபோன முதல் வாரம், குளியலறையிலிருந்து சாந்தி போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட அடங்கிவிட்டது. உள்ளே கதவின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. செருப்பை ஓங்கிக்கொண்டு பாய்ந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது.

“செருப்பக் கீழ போடுங்க தம்பி. அது என்ன தப்பு செஞ்சிச்சு?”

“கடிச்சுப்போட்டா என்னங்க்கா பண்றது?”

“இது வேட்டைச் சிலந்தி. ஒடம்பு தட்டையா இருக்கு, காலு நண்டுக்கு விரிஞ்ச மாதிரி பக்கவாட்டுல போவுது, பாத்தியளா? வலை கட்டாது. ஓடி ஓடிக் கரப்பானைப் பிடிக்கும். நம்மளக் கண்டா அதுக்குத்தான் பயம்.”

ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அதன் மேல் கவிழ்த்தார். கதவுக்கும் டப்பாவுக்கும் நடுவே ஓர் அட்டையை மெல்லச் செருகினார். நிறைந்த பால் சொம்பைத் தூக்குவதுபோல் அலுங்காமல் எடுத்துக்கொண்டு போய், பின்புறக் காலி மனையில் விட்டார். தலையெல்லாம் ஷாம்பு நுரையோடு நின்ற சாந்தியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கம்பெனியில், துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் செக்கிங்காரர்கள் அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அக்கா அந்த ஸ்டிக்கர்களை வீட்டுக்கும் கொண்டுவந்தார். கூரை மூலையில் நூல் நூலான கால்களோடு தொங்கி ஆடும் சிலந்திக்குப் பக்கத்தில் ஓர் அம்பு. அதில் பேனாவால் ‘பாஸ்’. ஜன்னலில் தாவித் தாவி ஈ பிடிக்கும் குட்டிச் சிலந்திக்கும் ‘பாஸ்’. ஒரு தையல் பிசகினாலும் பீஸைத் தூக்கி எறியும் அக்காவின் கையால் ரிஜெக்ட் ஆன சிலந்தி ஒன்றுகூடக் கிடையாது.

தைப்பூசத்துக்கு முன்னால் வெள்ளையடிக்க ஆளோடு வந்த வீட்டுக்காரம்மா, சுவரைப் பார்த்து மலைத்துப்போனார்.

“ஏனுங்க, இது ஊடா, காடுங்களா? முருகனுக்கு மாலை போட்டிருக்கறனுங்க. நீங்க பூச்சிக்கு நோட்டீஸ் ஒட்டி வெச்சிருக்கறீங்க!”

“வலையைத் தட்டுங்கம்மா, நான் வேண்டாங்கல. மூலையத் தொடச்சு, ஜன்னல் ஓட்டையை அடைச்சா அதுவாப் போயிரும். கொல்லாதிய.”

“ஆரையாச்சும் கடிச்சா ஆருங்க பதில் சொல்றது?”

“கடிச்சதை நீங்க பாத்தியளா?”

எல்லோரிடமும் அவர் கேட்கும் கேள்வி இது. யாருக்காவது உடம்பில் தடிப்பு வந்து, “சிலந்தி கடிச்சிருச்சு” என்று போய் நின்றால் முதலில் இதைத்தான் கேட்பார். பிறகு கையைத் திருப்பிப் பார்த்து, “மூட்டைப்பூச்சி. பாயை வெயில்ல போடு” என்பார். சோப்பு மாற்றியதால் முகம் வெந்த ஒருவரைப் பத்து நிமிடம் குறுக்கு விசாரணை செய்து சிலந்தியை விடுதலை செய்தார். டீக்கடையில் நான் அக்காவைப்போல் பேசிக் காட்டுவேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

ஐப்பசியில் விடாமல் மழை பெய்த ஒரு வாரம். காலை ஆறரை மணிக்கு சாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயிலிருந்து எழுந்தாள். முழங்கைக்குக் கீழே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி. வீக்கம் இல்லை, வலி இல்லை. வாடகை விஷயமாக வந்திருந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, “சிலந்திதான் கண்ணு. மஞ்சளைப் பத்துப் போடு, சரியாப் போயிரும்” என்றார். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. போகிற போக்கில் ஏழாம் நம்பர் கதவைத் தட்டி, “அக்கா, உங்க கட்சிக்காரன் எம்பட பொண்டாட்டியக் கடிச்சுட்டானுங்க!” என்று சிரித்தேன்.

அக்கா பாதி வாரிய தலையோடு வந்தார். அந்தப் புள்ளியை ஒரு தடவைதான் பார்த்தார். பிறகு சாந்தியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

“ஏ புள்ள, என்னைப் பாரு. கண்ண நல்லாத் தொற.”

சாந்தி முயன்றாள். இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை. ஏதோ சொல்ல வந்தாள், நாக்கு குழறியது.

“ராத்திரி தரையிலயா படுத்த?”

தலையாட்டினாள்.

“சிலந்தி இல்ல தம்பி. கட்டுவிரியன். ஆட்டோவக் கூப்பிடுங்க. மஞ்சளும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். ஓடுங்க!”

அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது சாந்தியால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. மருந்தை ஏற்றி, மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்றார் டாக்டர். நான் அவளுக்கு ஜெலுசில் வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவதாக இருந்தேன்.

வார்டு வாசலில் அக்கா வேலைக்கும் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“எப்படிங்க்கா கண்டுபுடிச்சீங்க?” என்றேன்.

வார்டு கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

“எம் மவளுக்கு ஒம்பது வயசு. இப்படித்தான் காலம்பற வயித்தவலின்னு எந்திரிச்சா. கையில ஒரு புள்ளி. சிலந்திதான்னு எல்லாரும் சொன்னாவ. நானும் நம்பிட்டேன். மஞ்சளைத் தடவிப் படுக்கப் போட்டுட்டு, வெளக்கமாத்தை எடுத்து வீட்டுல உள்ள சிலந்தியப் பூரா அடிச்சுக் கொன்னேன். ஒவ்வொரு மூலையாப் போயிக் கொன்னேன் தம்பி. திரும்பி வந்து பாக்கேன், புள்ளைக்கு மூச்சு இல்ல. மறுநா பாயைச் சுருட்டும்போதுதான் அது கெடந்துச்சு, கறுப்பா, வெள்ளை வளையத்தோட.”

டீ வாங்கி வந்து கொடுத்தேன். ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

ஐந்தாம் நாள் சாந்தி தானாக மூச்சு விட்டாள். வீட்டுக்குத் திரும்பியதும் கட்டில் வாங்கினோம். வீட்டுக்காரம்மா பின்புறம் கிடந்த செங்கல் குவியலை ஒரே நாளில் அள்ளச் சொல்லிவிட்டார். டீக்கடையில் நான் யாரைப்போலவும் பேசிக் காட்டுவதை விட்டுவிட்டேன். சாந்தி இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே குழம்பு வைக்கத் தொடங்கினாள். “உப்பு கூடுதல்” என்று தினமும் குறை சொல்லி, தினமும் மிச்சமில்லாமல் சாப்பிட்டார் அக்கா.

இரண்டு வருடம் அப்படிப் போனது. போன பங்குனியில் ஒரு மத்தியானம், செக்கிங் டேபிளிலேயே தலை சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஊருக்குத் தகவல் சொன்னார்கள்; மாலைவரை யாரும் வரவில்லை. மருத்துவமனையில் உடலைக் கொடுக்க உறவுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார் அங்கிருந்த ஊழியர்.

நான் பக்கத்து வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாந்தி பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“கூடப் பொறந்த அக்காங்க” என்றாள். நானும் ஆமாங்க என்றேன்.