பெட்ரோலை விட்ட காரும் பிடிவாதத்தை விட்ட சித்தியும்

மாட்சிமை தாங்கிய சித்தப்பா அவர்களின் திருமுகத்துக்கு,

அண்ணன் மகன் கைகட்டி, வாய்பொத்தி எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். என் செல்போன் மட்டும் அம்மாவின் காவலில் இருக்கிறது. ஆகவே கடிதம்.

தங்கள் சிவப்பு ரேஸ் கார் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிட்டது என்பதை இதனால் அறிவித்துக்கொள்கிறேன். திருந்திவிட்டது என்று மகிழ வேண்டாம். இப்போது எத்தனால், அதாவது சுத்தமான சாராயம் குடிக்கிறது. குடித்தால்தான் நேராகப் போகிறது.

ஆபீஸ் பயிற்சிக்காக வெளியூர் புறப்படும்போது ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் அக்காவிடம் எஞ்சினைப் பெட்ரோலிலிருந்து எத்தனாலுக்கு மாற்றும் வேலையைக் கொடுத்துவிட்டு, என்னிடம் "நீ அவளுக்கு எடுபிடியா இரு" என்றீர்கள். யாருக்கு யார் எடுபிடி என்பதைக் கேளுங்கள். பெட்ரோலைவிட எத்தனால் கூடுதலாகச் செலவாகும் என்பதால் அதை எஞ்சினுக்குள் பீய்ச்சப் பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், சாராயம் பட்டாலும் இளகாத ஹோஸ் என்று எல்லாவற்றையும் நான் பூட்ட, அக்கா சும்மா லேப்டாப்பை எஞ்சினோடு கோர்த்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். இதற்கு நடுவில் சித்தி வந்து, "ஞாயித்துக்கிழமை ரேஸுக்கு இது யாரும் தள்ளாம போகணும். இல்லேன்னா திங்கக்கிழமை வித்துட்டு அந்த இடத்துல ரோஜாத் தொட்டி வைப்பேன். நாளைக்குக் காலையில நானே ஓட்டிப் பாக்கறேன்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

காலையில் ஒரே குளிர். எத்தனாலுக்குக் குளிர் ஆகாதாம். சாவியைத் திருப்பினால் கார் கிழவர் மாதிரி இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. நான் உடனே சித்தியின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து காற்றுக் குழாய்க்குச் சூடு காட்டினேன். "டேங்க் பக்கம் கொண்டுபோனே, உன் முடியைப் பொசுக்கிடுவேன்" என்றாள் அக்கா. பொறாமை. கார் சிலிர்த்து எழுந்தது. சித்தி ஸ்டியரிங்கைப் பிடித்தார், அக்கா பக்கத்தில், நான் பின்னால் மூட்டை போல. தெருமுனை திரும்பியதும் கார் விக்கியது, திணறியது, நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் ஹார்னிலேயே கச்சேரி நடத்தினார். "ரோஜா வாங்கிடலாம்" என்றார் சித்தி.

சித்தப்பா, அந்த நொடியில் நான்தான் சொன்னேன்: "டேங்க்ல வருஷக்கணக்கா ஒட்டியிருந்த அழுக்கையெல்லாம் எத்தனால் கழுவிக் கொண்டாந்து ஃபில்டரை அடைச்சிருக்கு!" சொன்னதோடு நிற்காமல் பேன்ட் பையிலிருந்து புத்தம்புது ஃபில்டரை எடுத்து நீட்டினேன். முன்யோசனை என்றால் இதுவல்லவா! அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாட்டினாள்.

அதற்குப் பிறகு சித்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார் பாருங்கள்! என் வயிறு தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டது. "ஐயோ, இது என்னடி இப்படிப் பறக்குது!" என்று கத்தினார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஊர்ச் சுற்றுச்சாலையைச் சுற்றிச் சுற்றி, டேங்க் காலியாகும்வரை வீட்டுக்கு வரவில்லை. ரோஜாத் தொட்டி ரத்து. கார் விற்பனைக்கு இல்லை. இந்தக் குடும்பத்தைக் காத்தது யார் என்று நானே சொன்னால் நன்றாக இருக்காது.

சனிக்கிழமை சுகமாக வந்து சேருங்கள். உங்கள் பாதம் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் என்றும் குழப்பிக்கொள்ளாதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தலைமைப் பொறியாளர்

பி.கு.: அக்கா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். உண்மையை எழுதாவிட்டால் தபாலில் போடமாட்டாளாம். எல்லாவற்றையும் பூட்டியது அவள். நான் டார்ச் பிடித்தேன், அதையும் கோணலாக. அழுக்கு வந்து அடைக்கும், காலையில் புது ஃபில்டரை மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று அவள் முதல் நாளே என்னிடம் கொடுத்திருந்தாள். "மாட்டிட்டியாடா?" என்று கேட்டபோது தோசையை மென்றுகொண்டே வாய் கூசாமல் "ஆச்சு" என்றேன். அதனால்தான் அது என் பையில் இருந்தது. ஹேர் டிரையரும் கருகிவிட்டது. நீங்கள் எடுத்துப்போனதாகச் சித்தியிடம் சொன்னேன். "அந்த வழுக்கைக்கு எதுக்குடா ஹேர் டிரையர்?" என்று காதைத் திருகிவிட்டார். இன்னொன்று: கார் விற்பனைக்கு இல்லைதான், ஆனால் உங்களுக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சித்திதான் ஓட்டுகிறார். பேர் கொடுத்தாயிற்று. நீங்களும் நானும் எடுபிடி.