மெதுவா சாரும் ஒரு சிட்டிகைக் குங்குமமும்

அரியலூர் வட்டாரத்தில் மெதுவா சாரைப் போலப் பயந்த மனிதர் இன்னொருவர் பிறந்ததில்லை. தும்மலுக்குப் பயப்படுவார். மின்விசிறிக்குப் பயப்படுவார். யாராவது கதவைச் சாத்தினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கல்லூரியின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் ஆசிரியர். நான் கலியன், தினக்கூலிக்குக் கூட்டித் துடைப்பவன். எதைத் தொட்டாலும் “மெதுவா, மெதுவா” என்பார். அதுவே பெயராகிவிட்டது.

காரணம் ஒரு கண்ணாடிக் குவளை. ஏதோ ஓர் உப்பைக் கரைத்த நீர். அதற்குள் நூலில் தொங்கும் கடுகளவு படிகம். அசையாமல் இருந்தால் நாற்பது நாளில் கட்டைவிரல் அளவு வளருமாம். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல நடந்தோம். ஆனால் வாசலில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலை. ஒருநாள் சார் நடுரோட்டில் நின்று லாரியை மறித்தார்.

“மெதுவா போப்பா. உள்ள ஒண்ணு வளருது.”

“யாருக்கு சார் பிரசவம்?” என்றார் டிரைவர்.

“இன்னும் பதினெட்டு நாளு இருக்கு,” என்றார் சார் கவலையோடு.

அடுத்த வாரம் அந்த டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, “ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா சொல்லுங்க சார், வரேன்” என்றார்.

ஆயுதபூஜை வந்தது. சார் ஊருக்குப் போயிருந்தார். தராசு, உலை, நுண்ணோக்கி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். சார் உயிராக நினைக்கும் குவளையை மட்டும் விடுவதா? தூசி படிந்த காகித மூடியை எடுத்தேன். விரலிலிருந்து ஒரு சிட்டிகை குங்குமம் உள்ளே விழுந்தது.

அன்று முப்பத்தாறாவது நாள்.

விடுமுறை முழுக்க அதே நினைப்பு. ஏற்கெனவே ஒரு குடுவையை உடைத்திருந்தேன். “இன்னொண்ணு பாழாச்சுன்னா நீ வர வேணாம்” என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான்.

ஆனால் சார் வந்ததும் வாய் தானாகத் திறந்தது. “சார்... குங்குமம் விழுந்துடுச்சுங்க.”

அவர் நூலைத் தூக்கினார். படிகத்தின் மேலெல்லாம் சிவப்புத் திட்டுகள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் உள்ளே வந்தார்.

“என்ன சார், ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?”

சார் படிகத்தைக் கைக்குள் மூடிக்கொண்டார். “லாரி அதிர்வு சார். கெட்டுப்போச்சு.”

தும்மலுக்குப் பயந்த மனிதர், பொய்க்குப் பயப்படவில்லை. மறுநாளே புதுக் கரைசல், புது நூல், முதல் நாள்.

அடுத்த ஆயுதபூஜைக்குச் சார் ஊருக்குப் போகவில்லை. குவளைக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

“எல்லாத்துக்கும் வையி கலியா. இதுக்கு வைக்கிறத மட்டும் எனக்கு வச்சுடு.”

குனிந்து நெற்றியைக் காட்டினார். ஒரு சிட்டிகை எடுத்தேன்.

“மெதுவா,” என்றார் சார், கண்ணை மூடிக்கொண்டு.