துருவுக்கு அழுத கம்பெனி

புந்தோங்கில் இருக்கும் அன்பு மச்சான் சுகுமாரன் அவர்களுக்கு, பாகான் டத்தோவிலிருந்து மாயாண்டி எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி காளியம்மாவும் நலம். நீங்களும் தங்கச்சி கலாதேவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

சரக்குப் படகுகள் வந்து நின்ற நம் பழைய ஜெட்டியில் எழும்பப் போகிற அடுக்குமாடியில் நீங்கள் வீடு வாங்கப் போவதாகத் தங்கச்சி போனில் சொன்னாள். தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கம்பெனி மேல் எனக்குப் பலத்த சந்தேகம். அங்கே கொப்பரை ஏற்றிய காலத்தில் கிரேன் ஓட்டியவன் என்பதால் இடத்தைக் காவல் காக்கும் ஜாகா வேலைக்கு என்னையே வைத்தார்கள். வந்த முதல் நாளே, பாதி விழுந்த கிடங்கைப் பார்த்து "அழகா இருக்கு, தொடாதீங்க" என்றார்கள். ஓட்டைக் கூரையைப் போட்டோ எடுத்தார்கள். நல்ல கம்பெனி செய்கிற காரியமா இது? பிறகு தினேஸ்வரி என்று ஒரு டிசைனர் பெண் கோலாலம்பூரிலிருந்து வந்து, துருப்பிடித்த என் கிரேனைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். துருவைக் காரணம் காட்டிப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் பட்டுவிட்டது. விடுவேனா? நானும் காளியம்மாவும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கோவிலுக்கு அடித்ததில் மிஞ்சிய பச்சைச் சாயமும் மஞ்சள் சாயமும் பூசி, புதுமாப்பிள்ளை மாதிரி நிறுத்திவிட்டோம்.

மறுவாரம் அந்தப் பெண் வந்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கிள், துரு எங்க?"

"சுத்தமா எடுத்தாச்சு லா. இனி ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது."

"அந்தத் துருவோட பழைய அழகுக்காகத்தானே இங்க கஃபே வைக்கறதா இருந்தோம்!" என்று விசும்பினாள்.

காளியம்மா தேத்தண்ணி கொடுத்துத் தேற்றிவிட்டு, என் காதில், "பாவம், வெயில் மண்டைக்கு ஏறிருச்சு போல" என்றாள்.

என் வேலை அன்றைக்கே போய்விட்டது. அது பரவாயில்லை (காளியம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்). ஆனால் யோசியுங்கள் மச்சான், துருவுக்கு அழுகிறவர்கள் உங்கள் வீட்டுத் தண்ணிக் குழாயை எந்த லட்சணத்தில் போட்டுத் தருவார்கள்?

அங்குள்ள பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படிக்கட்டும்.

உங்கள் நலம் ஒன்றையே நினைக்கும்,
மாயாண்டி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் தினேஸ்வரி வந்துவிட்டாள். கிரேனுக்கு மறுபடி துரு ஏற்ற வேண்டுமாம். சாயத்தைச் சுரண்டி, உப்புத் தண்ணியும் வினிகரும் தெளித்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். நான் மேற்பார்வையாளர், காளியம்மா உதவியாளர். தங்கமான கம்பெனி மச்சான். தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். குழாயில் துரு இல்லையென்றால் சொல்லுங்கள், நானே வந்து ஏற்றித் தருகிறேன்.