தாண்டவமூர்த்தி தீவுக்கு எடுத்துப்போன ஐந்து ராகங்கள்

ஒரு காட்டில் எல்லோருக்கும் ரசனை இருந்தது. சோறு தண்ணி இல்லாத நாளிலும் அது மட்டும் குறையாமல் இருந்தது.

அந்தக் காட்டு வானொலியை நடத்தி வந்தவள் செண்பகவல்லி என்ற கீரி. ஆற்றங்கரை மருத மரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டி, வாரம் ஒரு முறை 'தனித்தீவு' என்ற நிகழ்ச்சியை வழங்குவாள். ஆற்றின் நடுவே ஒரு திட்டு உண்டு. பாறையும் உடைமுள்ளும் மூன்று பனையும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. அந்தத் திட்டில் தன்னந்தனியாக இருக்க நேர்ந்தால் எந்த ஐந்து பாட்டு, எந்த ஒரு புத்தகம், எந்த ஒரு ஆடம்பரப் பொருள் வேண்டும் என்று காட்டின் பிரமுகர்களிடம் அவள் கேட்பாள். முதலை ஐந்தும் பக்திப் பாட்டாகக் கேட்டது. புத்தகம், புலால் மறுத்தல் பற்றியது. மயில் தன்னைப் பற்றிய பாட்டுகளாகவே ஐந்தைச் சொன்னது. யாரும் உண்மையைச் சொல்லவில்லை. கேட்டவர்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஒரு வாரம் வருவதாகச் சொன்ன புள்ளிமான் வரவில்லை. முந்தின வாரம் வந்திருந்த சிறுத்தையின் வீட்டுக்கு விருந்துக்குப் போனதாகத் தகவல். வேறு வழியில்லாமல், கரையோரம் தண்ணீரில் கிடந்த மாடத்தி என்ற எருமையை செண்பகவல்லி கூப்பிட்டு உட்கார வைத்தாள். மாடத்தி தனக்குத் தவளைச் சத்தம் பிடிக்கும் என்றாள். அது சங்கீதமில்லை என்று கீரி விளக்கியது. புத்தகம் எதற்கு, படிக்கத் தெரியாதே என்றாள். ஆடம்பரப் பொருள் என்ன வேண்டும் என்று கேட்டபோது யோசித்து, தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

"ஆளைக் கூட்டிட்டுப் போகக் கூடாது. அதுதான் விதி."

"அப்போ நான் போகலை," என்றாள் மாடத்தி.

நிகழ்ச்சி அத்தோடு முடிந்தது. ஒரு வாரம் காடே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அதிகம் சிரித்தவர் தாண்டவமூர்த்தி. கரடி, காட்டு ரசிகர் சபையின் தலைவர். அடுத்த வாரம் அவருடைய முறை. தன் குகைக்குள் அவர் கேட்பதெல்லாம் கரகாட்டத்துக்கு வாசிக்கிற மேளம்தான். சுவரைப் பார்த்து நின்று இடுப்பை ஆட்டுவார். இது அவர் மனைவி கோமதிக்கு மட்டும் தெரியும். பட்டியல் எழுத உட்கார்ந்தவரிடம் அவள் ஒரு மூட்டை காய்ந்த இலுப்பைப் பூ கேட்கச் சொன்னாள். போதை தரும் அந்தப் பூ இரண்டு வேளை இல்லாவிட்டால் அவருக்குக் கை நடுங்கும். சபைத் தலைவன் இலுப்பைப் பூ கேட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அவர் எரிந்து விழுந்தார். ஆந்தையிடம் போய் ஐந்து ராகங்களின் பெயரை எழுதி வாங்கி வந்தார். ஒவ்வொன்றும் ஒரு மணி நேர ஆலாபனை, ஒரு சொல் கூட வராது. புத்தகமாக, ஒரு பழைய இலக்கண உரைக்கு எழுதப்பட்ட உரையைத் தேர்ந்தெடுத்தார். ஆடம்பரப் பொருளாக ஒரு தம்புரா கேட்டார். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது.

அவர் பேசி முடித்ததும் மருத மரத்தடியில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு கைதட்டல் ஓயவே இல்லை.

இத்தோடு விட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. நூறாவது வாரத்தைக் கொண்டாட செண்பகவல்லிக்கு ஒரு யோசனை வந்தது. இதுவரை வந்தவர்களில் உயர்ந்த ரசனை உள்ளவரை நிஜமாகவே திட்டில் கொண்டுபோய் மூன்று நாள் விட்டால் என்ன? ஓட்டெடுத்தார்கள். தாண்டவமூர்த்தி ஜெயித்தார். மறுக்கலாம் என்று பார்த்தார். அதற்குள் மாலை போட்டுவிட்டார்கள். தனிமை ஒப்புதல் படிவம் மூன்று பிரதிகளில் வந்தது. 'உணவு: தீவிலேயே கிடைக்கும்' என்று அதில் அச்சிட்டிருந்தது. கூட்டத்துக்கு முன்னால் படிவத்தைப் படித்துப் பார்ப்பது கௌரவமாக இராது என்று அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பாட்டுப்பெட்டி, புத்தகம், தம்புராவோடு முதலை அவரைச் சுமந்துபோய்த் திட்டில் இறக்கிவிட்டது.

முதல் நாள் முதல் ராகத்தைப் போட்டார். கால் மணி நேரத்தில் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், ரிப்பேரோ என்று. இரண்டாம் நாள் மூன்றாவது ராகத்தின் நடுவில் பேட்டரி தீர்ந்தது. அந்த இரண்டு நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். பனையில் காய் இல்லை. பாறையில் கறையான் கூட இல்லை. கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

மூன்றாம் நாள் மலையில் மழை பிடித்தது. ஆறு செம்மண் நிறத்தில் பெருகி வந்தது. இந்த வெள்ளத்தில் தன்னால் போக முடியாது என்று முதலை சொல்லிவிட்டது. செண்பகவல்லி பயந்துபோனாள். கரடிக்காக அல்ல, நிகழ்ச்சிக்காக. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒலிபெருக்கியில் அறிவித்தாள்: தனிமையின் சுகத்தில் திளைத்துப்போன தாண்டவமூர்த்தி ஐயா, கூடுதல் நாள்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதைத் திட்டில் இருந்தபடி தாண்டவமூர்த்தியும் கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அடிவயிற்றிலிருந்து கத்தினார். தண்ணீரைத் தாண்டி வந்த அந்தச் சத்தத்தை, ஐயா மேல்ஸ்தாயியில் பாடுகிறார் என்று கரையில் நின்றவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆந்தை கண்ணை மூடித் தலையசைத்தது. கூட்டமும் கண்ணை மூடித் தலையசைத்தது. கோமதி மட்டும் அழுதாள். அது ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவளுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

நான்காம் நாள் பசி தாங்காமல் புத்தகத்தின் அட்டையைத் தின்றார். அட்டையில் பசை இருந்தது, ருசியாக இருந்தது. ஐந்தாம் நாளுக்குள் எழுத்து, சொல், பொருள் மூன்று அதிகாரமும் உள்ளே போய்விட்டன. அன்று மத்தியானம் திட்டு முங்கியது. தம்புரா முதலில் மிதந்து போனது. அதற்கு நீந்தத் தெரிந்திருந்தது. தாண்டவமூர்த்தி ஒரு பனையைக் கட்டிக்கொண்டு ஏறி, அங்கிருந்து கத்தினார். கரையில் கைதட்டினார்கள்.

மாடத்தி தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினாள். "செண்பகவல்லி, அது பாட்டு இல்ல. அண்ணாச்சி உயிருக்குக் கத்துதாரு," என்றாள்.

உனக்குச் சங்கீதம் தெரியுமா என்று கீரி கேட்டது. மாடத்தி தெரியாது என்றாள். அப்படியானால் நிகழ்ச்சிக்கு இடையூறு செய்ய வேண்டாம் என்று கீரி கேட்டுக்கொண்டது. மாடத்தி அதற்கு மேல் வாதாடவில்லை. வெள்ளத்தில் இறங்கினாள்.

இழுத்த இழுப்பில் இரண்டு தடவை திட்டைத் தவறவிட்டாள். மிதந்து வந்த ஒரு மரம் மோதி அவளுடைய ஒரு கொம்பு முறிந்தது. மூன்றாவது தடவை பனையடியில் போய் நின்றாள். தாண்டவமூர்த்தி அவள் முதுகில் விழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். பாதி ஆறு வரும்வரை அழுதார்.

"மாடத்தி, அந்த ராகத்துல எனக்கு ஒண்ணு கூட பிடிக்கலை," என்றார்.

"பிடிக்காததை எதுக்கு அண்ணாச்சி எடுத்துட்டுப் போனீக?"

"நீ கேட்டிருந்தா இலுப்பைப் பூன்னு சொல்லியிருப்பேன். கேட்டது காடுல்லா."

மாடத்தி கரையைப் பார்த்து நீந்தினாள். மூச்சு வாங்கியது.

கரையேறியதும் செண்பகவல்லி மைக்கை நீட்டினாள். தாண்டவமூர்த்தி கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை முகங்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. உடம்பைச் சிலிர்த்துத் தண்ணீரை உதறினார். ராகம் ஐந்தும் தன்னை வேறொரு பிறவியாக்கிவிட்டன என்றார். புத்தகத்தை ஒரு பக்கம் மிச்சமில்லாமல் உள்வாங்கிக்கொண்டதாகச் சொன்னார். பிறகு ஏன் திரும்பிவிட்டீர்கள் என்று கீரி கேட்டது.

அவர் மாடத்தியைப் பார்க்காமல் சொன்னார்: "நானா வந்தேன்? நிஷ்டையில இருந்தவனை இந்த எருமைல்லா தூக்கிட்டு வந்திட்டு."

கூட்டம் மாடத்தி பக்கம் திரும்பியது. தவளைச் சத்தம் கேட்கிற ஜென்மத்துக்கு வேறென்ன தெரியும் என்றார்கள். முறிந்த கொம்பிலிருந்து ரத்தம் வடிந்தது. சபைக்குள் இப்படியா வருவது என்று அதற்கும் ஒருவர் முகம் சுளித்தார். அன்றே சபை கூடி, தாண்டவமூர்த்திக்கு 'ஏகாந்தச் செம்மல்' என்ற பட்டத்தை அளித்தது. மாடத்தி எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் தீர்மானித்தது.

மாடத்திக்கு எழுதத் தெரியாதே என்று தாண்டவமூர்த்தியே பெரிய மனசு பண்ணி, அந்தக் கடிதத்தை எழுதினார். ஒற்றுப்பிழை இல்லாத கடிதம். மறுநாள் காலை அதைத் தானே எடுத்துக்கொண்டு கரைக்கு வந்து, கீழே கையெழுத்தாகக் குளம்பை வைக்கச் சொன்னார்.

"இதுல என்ன எழுதியிருக்கு அண்ணாச்சி?"

"உனக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கேன்."

"அதை வாயால சொன்னாப் போதாதா?"

எழுத்தில் இருந்தால்தான் மரியாதை என்றார். மாடத்திக்கு அது நியாயமாகப் பட்டது. மனசு நிறைந்து, குளம்பைச் சேற்றில் நன்றாகத் தோய்த்து, அழுத்தி வைத்தாள்.

சாயங்காலம் செண்பகவல்லி அதை ஒலிபெருக்கியில் வாசித்தாள். 'அறிவிலியாகிய யான்' என்று கடிதம் தொடங்கியது. மாடத்தி தண்ணீரில் நின்றபடி முழுவதையும் கேட்டாள்.

நீதி: வெள்ளத்தில் தத்தளிப்பவரைத் தூக்கும் முன் அவருக்கு ரசனை உண்டா என்று விசாரித்துக்கொள்ளவும். உண்டு என்றால், கரையில் நின்று கைதட்டவும்.