கருவுக்குள் மேல்நிலை மொழியை அனுமதியாமை குறித்து

எர்லாங்கன்,
23 செப்டம்பர் 2024, திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அத்தான் கெரோல்ட் அவர்களுக்கு, காலஞ்சென்ற தங்கள் மனைவி ரோஸ்விதாவின் தம்பி எக்கேஹார்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர யாவரும் நலம். தங்கள் நலத்தைக் கேட்கத் துணிவில்லாததால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1987 மார்ச்சில் (ஏப்ரல் என்று தாங்கள் சொல்லிவருவது தவறு) நாம் இருவரும் எழுதத் தொடங்கிய கணினி இயங்குதளத்தின் கரு, இன்றுவரை முழுவதும் சி (C) என்னும் பழைய நிரல்மொழியிலேயே உள்ளது. அதில் ஒரு வேலைக்காக நினைவகத்தில் இடம் வாங்கினால், வேலை முடிந்ததும் எழுதுபவரே மறவாமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். அப்படித் திருப்பப்படாமல் கிடக்கும் இடங்களைக் குப்பையைப்போல் தானே தேடிக் கூட்டி அள்ளும் மேல்நிலை மொழிக்குத் தங்கள் பகுதியை மாற்றவேண்டும் எனத் தாங்கள் மூன்று ஆண்டுகளாகக் கோருகிறீர்கள். கருவைப் பராமரிக்கும் குழுவின் வழக்கப்படி, என் ஒப்புதல் வரி இல்லாமல் அது கருவுக்குள் நுழைய இயலாது. நானும் தங்கள் மின்னஞ்சல் ஒவ்வொன்றையும், நிரல் வரிகள் எண்பது எழுத்தைத் தாண்டுகின்றன என்று காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவந்தேன்.

14ஆம் தேதி சனிக்கிழமை நம் கணினி மன்றத்தில் நடந்ததை முறைப்படி பதிவு செய்கிறேன். தாங்கள் அந்த மொழியில் எழுதிக் கொண்டுவந்த சோதனைக் கரு மன்றத்தின் பொம்மை ரயிலை ஓட்டியது, நன்றாகவே ஓட்டியது, பிறகு குப்பை அள்ளுவதற்காக அரை நொடி நின்றது, ரயில் நிற்கவில்லை, நிலையத்தைக் கடந்து மேசை விளிம்பைக் கடந்து மன்ற உறுப்பினர் ஓட்டிலி அம்மையாரின் பிளம் கேக்கில் இறங்கியது.

"இஞ்சின எடுத்தாச்சு. கேக்க யாரு சாப்பிடுறது?" என்றார் அம்மையார்.

"குப்பை அள்ளக் கொஞ்சம் நேரம் வேணாமா, எக்கேஹார்ட்?" என்றீர்கள்.

"எழுதுறவனுக்கு ஞாபகம் இருந்தா குப்பையே சேராது, அத்தான். இது மறதிக்காரங்க மொழி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தாங்கள் சிரிக்கவில்லை. எழுந்து, தங்கள் கோட்டை விட்டுவிட்டு என் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். என் வீட்டுச் சாவி அதற்குள் இருந்தது. மூடிய கதவின் முன் நின்று தங்கள் மகள் யூடித்தைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சாவி பத்திரமா இருக்கு, மாமா. அப்பாவ இப்பத்தான் பஸ் நிறுத்தத்துல கண்டுபிடிச்சேன். எந்த பஸ்ல ஏறணும்னு தெரியாம உக்காந்திருக்கார்."

நான் ஏதோ கோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அவர் எதுக்கு அந்த மொழிய இத்தன வருஷமாக் கேக்குறார்னு நெனச்சீங்க? வாங்குன இடத்தத் திருப்பிக் குடுக்க மறந்துடுறார், மாமா. அது அவருக்கே தெரியுது. பழைய மொழில இனிமே அவரால எழுத முடியாது. இதுவும் இல்லேன்னா காலைல எதுக்கு எந்திரிப்பார்?"

மறுநாள் தங்கள் பழைய நிரல்களை எடுத்துப் பார்த்தேன். ரோஸ்விதா மறைந்த 3 பிப்ரவரி 2021 வரை ஒரு பிழையும் இல்லை. அதன்பின் அங்கங்கே இடம் திரும்பாமல் கிடந்திருக்கிறது. அப்போதே அவற்றைச் சத்தமின்றிச் சரிசெய்தவன் நான்தான். துக்கத்தில் கவனம் சிதறுகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

எனினும் என் தொழில்நுட்ப ஆட்சேபத்தில் மாற்றமில்லை. கரு எக்காரணத்தாலும் அரை நொடிகூட நிற்கலாகாது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

தங்களுக்குச் சூடான காபியும் தடையற்ற உறக்கமும் வாய்க்க வேண்டுகிறேன். யூடித்துக்கு என் ஆசி.

பணிவன்புள்ள மைத்துனன்,
எக்கேஹார்ட் லிண்டோர்ஃபர்

பி.கு.: ஒப்புதல் வரியை இன்று காலையே குழுவுக்கு அனுப்பிவிட்டேன். எண்பது எழுத்தைத் தாண்டிய வரிகளை நானே மடித்துவிட்டேன். தங்கள் பகுதிக்குத் தாங்களே பொறுப்பாளராகத் தொடர்கிறீர்கள். ஒப்புதல் வந்ததா என்று மறுபடி கேட்கத் தோன்றினால், தயங்காமல் கேளுங்கள், அத்தான். எத்தனை முறை கேட்டாலும் புதிதாக அனுப்புகிறேன், இதே தேதியிட்டு.